சமுதாய வானொலியில் கலை, வறுமை, நகர வாழ்வு: ஓர் உரையாடல் நிகழ்ச்சியை உருவாக்கும் முறை

ஒரு கல்வி நிறுவனமோ தன்னார்வ அமைப்போ தன் ஊருக்காக நடத்தும் சமுதாய வானொலியில் வாரத்துக்கு அரை மணி நேரம் கிடைத்தால், உள்ளூர்க் கலைஞர்களையும் உழைப்பாளிகளையும் அழைத்து வந்து இந்த நகரத்தைப் பற்றிப் பேச வைக்க வேண்டும் என்ற ஆசை புதுச்சேரியிலும் கடலூரிலும் பல இளைஞர்களுக்கு இருக்கிறது. ஆனால் அப்படித் தொடங்கும் நிகழ்ச்சிகள் சில வாரங்களிலேயே ஒரு தடத்தில் விழுந்துவிடுகின்றன. கலைஞர் வந்தால் பாராட்டும் பரிசுப் பட்டியலும், ஏழை வந்தால் பரிதாபமும் பெருமூச்சும், நகரத்தைப் பற்றி என்றால் ஓர் அதிகாரியின் உரையும் என்று மூன்றும் தனித்தனியே பிரிந்து போகின்றன. கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கலைஞர், சீசனுக்கு முன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அதைக் கழிப்பதற்காக வேலை செய்பவராகவும் இருக்கலாம், மழை பிடித்துக்கொண்டால் பொம்மைகளைக் காயவைக்க இடமில்லாமல் தவிக்கும் நகரவாசியும் அவரே. அவரை மூன்று பேராகப் பிரித்து மூன்று வாரம் ஒலிபரப்புவதில் பயன் இல்லை.

இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். வறுமையைப் பற்றி நேராகக் கேட்காதீர்கள். தொழிலைப் பற்றியும் அதன் வரவு செலவைப் பற்றியும் பொறுமையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் வறுமை தன் சரியான அளவில், பேசுபவரின் மரியாதை குறையாமல் வெளியே வரும். கீழே உள்ள நடைமுறைகள் எல்லாம் இதற்குத் துணையாகவே சொல்லப்படுகின்றன.

விதிகளும் அலை எட்டும் தூரமும்

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகே தனியாருக்கும் சமூகத்துக்கும் வானொலிக் கதவு மெல்லத் திறந்தது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004 பிப்ரவரியில் ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் வந்த கொள்கை தன்னார்வ அமைப்புகளுக்கும் இடம் கொடுத்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு மிக அருகில் இருப்பது காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி. பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசையையும் நேரம் ஒதுக்கிக் கேளுங்கள். ஒரு தொழிலின் மொழியை அந்தத் தொழில் செய்பவர்களே வானொலியில் பேசினால் எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

ஒரு சமுதாய வானொலியின் திறன் 100 வாட். கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்கு மிகக்கூடாது. ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் வரை ஒலி தெளிவாகக் கேட்கும். காலாப்பட்டில் ஏறும் குரல் பாகூரில் கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. கேட்பவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு பேசும் வசதி பெரிய வானொலிகளுக்குக் கிடையாது. “நேரு வீதி முனையில்” என்று ஒருவர் சொன்னால், நம் நேயருக்கு விளக்கம் தேவையில்லை.

நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. அரசியல் நிகழ்ச்சிகளுக்கும் சொந்தச் செய்தி அறிக்கைக்கும் இடமில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். குடிநீர், மின்சாரம், வானிலை, தேர்வு, திருவிழா, பேரிடர் எச்சரிக்கை போன்றவை செய்தியாகக் கருதப்படுவதில்லை என்பதால் அவற்றைப் பேசத் தடையில்லை. ஒலிபரப்பானவற்றை 3 மாதம் வரை பாதுகாத்து வைக்க வேண்டும். கட்சியின் பெயரும் தலைவரின் பெயரும் இல்லாமல் ஒரு சாக்கடையைப் பற்றி முழுமையாகப் பேச முடியுமா என்று சிலர் ஐயப்படுகிறார்கள். முடியும். சாக்கடை எந்த மாதத்தில் அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் எந்த வீட்டின் படி வரை ஏறுகிறது, அடைப்பை எடுக்க யார் இறங்குகிறார், அவருக்குக் கையுறை உண்டா என்பவை கட்சிப் பெயர் இல்லாமலே கேட்கக்கூடிய கேள்விகள்.

உரிமம் பெற்ற நிலையம் எட்டாத இடத்திலும் ஊர்க்குரலுக்கு வழி இருக்கிறது என்பதை நம் கடற்கரையே காட்டியிருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய தகவல் மையத் திட்டத்தில், வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கை நல்லவாடு கிராமத்து ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டதால் மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். தெரிந்த குரல், தெரிந்த மொழி, தெரிந்த தெரு என்று எல்லாம் சேரும்போது ஊர் காது கொடுக்கிறது. உங்கள் உரையாடலைத் தெருமுனையில் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்க வைப்பதையும், வாட்ஸாப் குழுவில் ஒலிக்கோப்பாக அனுப்புவதையும் இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம்.

பொருளைச் சுருக்குதல்

“புதுச்சேரியில் வறுமை” என்பது அரை மணி நேரத்தில் பேசி முடிக்கக்கூடிய பொருள் அன்று. “ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய துணி விற்பவரின் ஒரு நாள்” என்பது பேசக்கூடிய பொருள். அவர் எத்தனை மணிக்கு இடம் பிடிக்கிறார், மூட்டை எங்கிருந்து வருகிறது, ஆட்டோக்காரருக்கு எவ்வளவு, மழை தூறினால் என்ன செய்வார், விற்காத துணி எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டே போனால் நகரத்தின் பாதிப் பொருளாதாரம் அதற்குள் வந்துவிடும். பொருளைச் சுருக்கும்போது ஓர் இடம், ஒரு வேலை, ஒரு பருவம் ஆகிய மூன்றையும் தலைப்பிலேயே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் தலைப்பு இன்னும் அகலமாக இருக்கிறது என்று பொருள்.

இந்தப் பகுதியில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்தப் பெருமைகளைச் சொல்லுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். களிமண் எந்த ஏரியில் இருந்து வருகிறது, எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், சூளைக்கு விறகு என்ன விலை, குறியீடு கிடைத்த பிறகு கூலி மாறியதா என்பவையே அடுத்த வாரமும் அந்த நேயரை வானொலிப் பெட்டிக்கு அருகே வரவழைக்கும். கடற்கரைச் சாலையில் பாசிமணி விற்பவர்கள், ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோன சுவர் விளம்பர ஓவியர்கள், தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் இருந்து கூடையோடு தெருத்தெருவாகப் போகும் மீன்காரம்மாக்கள், கடலூர் முதுநகரில் வலை பின்னுபவர்கள், சிப்காட் தொழிற்பேட்டையின் பக்கத்துக் கிராமங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் என்று வருடம் முழுவதற்கும் பட்டியல் போடலாம்.

பஞ்சாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் காவல்படை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தனர். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டிலேயே 8 மணி நேர வேலை இங்கே சட்டமானது. அந்த நகரத்தில்தான் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை 2020இல் மூடப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று அந்த 12 பேரின் நினைவாக மலர்மாலை போடுகிறார்கள். அன்று ஒரு நிகழ்ச்சி செய்ய உங்களுக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் வரலாற்றை நீங்கள் படித்துக்காட்டுவதை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு, ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளியிடம் மில் சங்கைப் பற்றிக் கேளுங்கள். சங்கு எத்தனை முறை ஊதும், எந்தச் சங்குக்கு எந்த ஷிப்ட், சங்கை வைத்து வீட்டில் உலை ஏற்றியவர்கள் யார், அந்தச் சத்தம் நின்ற பிறகு முதலியார்பேட்டைத் தெருவில் நேரம் எப்படித் தெரிகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, ஆலை மூடியதால் ஒரு பேட்டை எதை இழந்தது என்பது புள்ளிவிவரம் இல்லாமலே நேயருக்குப் புரியும்.

முதல் சந்திப்பில் ரெக்கார்டர் வேண்டாம்

விருந்தினரை முதல் முறை பார்க்கப் போகும்போது ரெக்கார்டரையும் கேமராவையும் எடுத்துப் போகாதீர்கள். உங்களுடைய நிலையம் எது, நிகழ்ச்சி எப்போது வரும், யார் கேட்பார்கள், இதனால் அவருக்குப் பணமோ வீடோ கிடைக்கப் போவதில்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். மைக்கைப் பார்த்தவுடன் “மனு வாங்க வந்திருக்கிறார்கள்” என்று எண்ணுபவர்கள் நம் ஊரில் நிறைய. அந்த எண்ணத்தைக் கலைக்காமல் பேட்டி எடுப்பது ஏமாற்றுவதற்குச் சமம்.

நேரத்தை அவருடைய வேலைக்கு ஏற்ப வையுங்கள். பங்குனியில் இருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்துக் கலைஞரைக் காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு வரச் சொன்னால், அவர் தூங்க வேண்டிய நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். கூத்து இல்லாத மாதங்களில் அவர் கொத்தனார் வேலைக்கோ கரும்பு வெட்டவோ போகிறார் என்றால், அந்த நாளின் கூலியும் போக்குவரத்துச் செலவும் நிலையம் கொடுக்க வேண்டும். இதைப் பேட்டிக்கு விலை கொடுப்பதாகச் சிலர் ஆட்சேபிக்கிறார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு வந்து பேசுகிறார். தினக்கூலிக்காரர் கூலியை விட்டுவிட்டு வந்து பேசுகிறார். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க விரும்பினால் இந்த வேறுபாட்டை நிலையம்தான் சரிசெய்ய வேண்டும். நிலையத்தில் பணமே இல்லை என்றால், மைக்கை எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.

இந்தச் சந்திப்பிலேயே மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அவரை ஊரில் எப்படி அழைக்கிறார்கள், வானொலியில் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார்? எதைப் பற்றிப் பேச விருப்பம் இல்லை? ஒலிபரப்பாகும் முன் யாருக்குப் போட்டுக்காட்ட வேண்டும்? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாதிப் பெயரை நீங்களாக எடுக்காதீர்கள். பறையடிக்கும் கலைஞர் ஒருவர் சாவு வீட்டுக்கு அழைக்கப்படும் விதத்தைப் பற்றித் தானாகவே பேச முன்வந்தால் அதற்கு முழு இடமும் கொடுங்கள். அவர் தாளத்தைப் பற்றி மட்டுமே பேச விரும்பினால் அந்த விருப்பத்தையும் அதே அளவு மதியுங்கள்.

கேள்விகள்

கேள்வித் தாளைப் பார்த்துப் படிக்கும் தொகுப்பாளரை நேயர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். தாளில் ஏழெட்டுச் சொற்கள் மட்டும் இருக்கட்டும்: அச்சு, மண், முன்பணம், மழை, மகள், கண், விலை என்பது போல. மீதியை விருந்தினரின் முந்தைய பதிலில் இருந்து எடுங்கள். “வறுமையில் வாடும் நீங்கள் இந்தக் கலையை எப்படி விடாமல் காப்பாற்றி வருகிறீர்கள்?” என்று தொடங்கினால், விடையும் அந்த நாடகத் தொனியிலேயே வரும். விருந்தினர் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார். பொம்மை செய்யும் ஓர் அக்காவோடு உரையாடல் எப்படிப் போகலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

“இந்த அச்சு உங்களுதாக்கா?”

“மாமனார் காலத்து அச்சு தம்பி. விளிம்பு தேஞ்சுபோச்சு. மூக்கு சரியா விழாது, நான் கையாலதான் எடுத்து வைப்பேன்.”

“அதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?”

“ஒரு பொம்மைக்குக் கால் மணி. நூறு பொம்மைன்னா நீயே பாத்துக்கோ.”

“அந்தக் கால் மணிக்கு வியாபாரி தனியா ஏதாச்சும் குடுப்பாரா?”

“அதெல்லாம் யாரு குடுப்பா? மூக்கு நல்லா இருந்தா எடுத்துக்குவாரு, இல்லன்னா கழிச்சுடுவாரு.”

“புது அச்சு எடுக்கலாம்ல?”

“எடுக்கலாம். அதுக்கு வெச்சிருந்த காசு பாப்பாவோட காலேஜு ஃபீசுக்குப் போயிடுச்சே.”

இங்கே “கஷ்டம்” என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை. தேய்ந்த அச்சு, கையால் எடுத்து வைக்கும் மூக்கு, கணக்கில் வராத கால் மணி நேரம், மகளின் கல்லூரிக் கட்டணம் என்று நான்கு அடியில் கலையும் கடனும் நகரமும் ஒன்றாக வந்துவிட்டன. மூக்கை எடுத்து வைப்பதில் அவருக்கு இருக்கும் கைத்திறன் அவருடைய வாயாலேயே வந்தது. அதற்கு நீங்கள் பாராட்டுரை வாசிக்கத் தேவையில்லை. அடுத்து, கண் திறக்கும் வேலையை ஏன் கடைசியில் வைக்கிறார்கள் என்று கேட்கலாம். அப்போது குரல் மாறும். அந்த மாற்றத்தை இடைமறிக்காதீர்கள்.

ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். மிக முக்கியமான வாக்கியம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. “சரி”, “ம்”, “ஆமாம்” என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலி கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டுத் தலையசையுங்கள். இல்லையென்றால் தொகுக்கும்போது அவருடைய குரலையும் உங்களுடைய “ம்”மையும் பிரிக்க முடியாது.

பணத்தைப் பற்றிக் கேட்கும்போது, “மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?” என்று கேட்காதீர்கள். அது வீட்டின் வாசலில் நின்று கேட்கக்கூடாத கேள்வி. தெருவே கேட்கும் வானொலியில் இன்னும் கூடாது. கூத்துக் கலைஞரிடம், “ஒரு ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) ஓர் இரவுக்குக் கிடைப்பதை எப்படிப் பங்கு போடுவீர்கள்? கட்டியங்காரனுக்கும் முகவீணைக்காரருக்கும் ஒரே பங்கா?” என்று கேட்டால், தொழிலின் நியாயத்தைப் பற்றி அவர் பெருமையோடு விளக்குவார். வருமானம் எவ்வளவு என்பது அந்த விளக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பேரிடரைப் பற்றிக் கேட்பதற்கும் இதே முறைதான். 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயலையும் 2024 நவம்பர் 30இல் வந்த ஃபெஞ்சலையும் இந்தக் கடற்கரையில் மறந்தவர் யாரும் இல்லை. தண்ணீர் வடியாத வீட்டில் மைக்கை நீட்டுவதைத் தவிர்த்து, ஒன்றிரண்டு மாதம் கழித்துப் போங்கள். முதலில் எதைத் தூக்கிப் பரண்மேல் வைத்தீர்கள் என்று கேளுங்கள். ரேஷன் அட்டையா, மிருதங்கமா, தையல் இயந்திரமா? அந்த விடையில் ஒரு குடும்பத்தின் மதிப்பீடு முழுவதும் இருக்கும்.

நகர நிர்வாகத்தில் இருந்து ஒருவரை அழைப்பதென்றால், அவரை முதலில் பேசவிட்டுப் பிறகு மக்களிடம் போவதைவிட, மக்களின் பதிவை அவருக்குப் போட்டுக்காட்டிவிட்டுப் பேச வைப்பது நல்லது. புதுச்சேரி நகராட்சிக்கும் உழவர்கரை நகராட்சிக்கும் எல்லை எங்கே என்பதும், 2021இல் மாநகராட்சியான கடலூரில் எந்த வார்டு யார் பொறுப்பு என்பதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். “அது எங்கள் எல்லையில் வராது” என்ற ஒரு வாக்கியத்தால் பல நல்ல உரையாடல்கள் முறிந்துவிடுகின்றன.

இடமும் ஒலியும்

நிலையத்தின் ஒலிக்கூடம் அமைதியானது. ஆனால் அங்கே குயவரின் கை வேலை செய்யாது. கூடியவரை வேலை நடக்கும் இடத்திலேயே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். புழுக்கமாக இருக்கும் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விடுங்கள். மைக் வாயில் இருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். கடற்காற்று வீசும் இடத்தில் மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாமல் எந்தப் பதிவும் தேறாது. ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு டிவியில் ஓடும் பாட்டை நம் காது ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. ரெக்கார்டர் காட்டும் ஒலியளவு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருந்தால் திடீரென்று சிரித்தாலும் சிதறாது. கைப்பேசியில் பதிவு செய்வதானால் அழைப்பு வராதபடி அதை விமானப் பயன்முறைக்கு (ஏரோபிளேன் மோட்) மாற்றிவிடுங்கள்.

பேச்சு முடிந்த பிறகு ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். சக்கரம் சுற்றும் ஒலி, களிமண்ணைத் தட்டும் ஒலி, குப்பத்தில் வலை இழுக்கும்போது எழும் குரல், சந்தையில் விலை கூவும் ஒலி ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேச்சுத் துண்டுகளை ஒட்டும்போது இடையில் தெரியும் வெட்டை இந்த ஒலிதான் மறைக்கும். இதற்குப் பதிலாகச் சோக வயலினைப் போடும் பழக்கம் எல்லா நிலையங்களிலும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒருவர் தன் கடனைப் பற்றிச் சாதாரணக் குரலில் சொல்லும்போது பின்னால் வயலின் அழுதால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் நாம் வைக்கிறோம்.

எதை வெட்ட வேண்டும்

தொகுப்பதற்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். நாற்பது நிமிடப் பதிவை இருபத்தைந்தாகச் சுருக்குவது கடினம் அல்ல. எதைச் சுருக்குகிறோம் என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது. பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். “ஆவும்”, “குடுப்பாரு” என்பவற்றைச் செம்மைப்படுத்த மறுபடியும் பேசச் சொன்னால், அவர் அடுத்த வாரம் நிலையத்தின் பக்கமே வரமாட்டார். திரும்பத் திரும்ப வரும் முன்னுரையையும் உங்களுடைய நீளமான கேள்விகளையும் முதலில் வெட்டுங்கள்.

விருந்தினருக்குத் தீங்கு தரக்கூடியவை எவை என்று தனியாக ஒரு முறை கேளுங்கள். வாரக் கடன் வசூலிப்பவரின் பெயர், வட்டிக்காரரின் தெரு, ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் தன் மேற்பார்வையாளரைப் பற்றிச் சொன்னது, வீட்டு வாடகை பாக்கி, கணவனின் குடிப்பழக்கம், பிள்ளையின் நோய் ஆகியவை உணர்ச்சி வேகத்தில் வந்துவிடும். அவை உண்மையாக இருக்கலாம், வலுவாகவும் ஒலிக்கலாம். மறுநாள் காலையில் அந்தத் தெருவில் வாழப்போவது அவர்தான், தொகுப்பாளர் அல்லர். தெரு ஏழெட்டு வீடுகள் கொண்டது என்றால் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. தொழிலையும் வயதையும் சேர்த்து மறைக்க வேண்டியிருக்கும். அப்படியும் மறைக்க முடியாது என்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகளின் குரலில் குடும்பத்தின் பணக் கஷ்டத்தைப் பதிவு செய்வதே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தொகுத்து முடித்ததை விருந்தினருக்கு அவருடைய வீட்டில் போட்டுக்காட்டுங்கள். அவர் ஒரு வரியை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுங்கள். பெரும்பாலும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். “இன்னொன்னு சொல்ல மறந்துட்டேனே” என்பார்கள். அதற்காகவே ரெக்கார்டரையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஒலிபரப்பும் அதற்குப் பிறகும்

ஒலிபரப்பு நேரத்தை நிலையத்தின் வசதிக்காக முடிவு செய்தால், யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவர்களே கேட்க முடியாமல் போகும். மீன்காரம்மாக்கள் மதியம் சற்று ஓய்வாக இருப்பார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்கள். ஒரே நிகழ்ச்சியை இருவேறு நேரங்களில் ஒலிபரப்புங்கள். முதல் ஒலிபரப்பை அந்தத் தெருவிலேயே, டீக்கடையிலோ கோயில் திண்ணையிலோ பத்துப் பேரோடு உட்கார்ந்து கேட்பது மிகவும் பயனுள்ளது. யார் எங்கே சிரித்தார்கள், எந்தக் கணக்குக்கு “அது தப்பு” என்று குரல் எழுந்தது என்பதை அங்கே மட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும். அப்படி மறுத்துப் பேசியவரே பெரும்பாலும் அடுத்த வாரத்துக்கான விருந்தினர்.

நேயர்களின் கருத்தை நேரலைத் தொலைபேசியில் வாங்குவதைவிட வாட்ஸாப் குரல் பதிவாக வாங்குவது இந்தப் பொருளுக்குப் பொருத்தமானது. நேரலையில் யாரோ ஒருவர் “ஒழுங்காக உழைத்தால் ஏன் கஷ்டம்?” என்று கேட்டுவிட்டால், அதை விருந்தினர் தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். குரல் பதிவாக வந்தால், அதே கேள்வியை விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லி, விரும்பினால் விடை தரச் சொல்லலாம். அந்தக் கேள்வியை மறைக்க வேண்டியதில்லை. ஊரில் பலரும் மனத்துக்குள் கேட்பது அதுதான். மூன்று தலைமுறையாகப் பொம்மை செய்தவர் அதற்குக் கணக்கோடு சொல்லும் விடை, எந்த விழிப்புணர்வு உரையைவிடவும் ஆழமாகப் போகும்.

உதவி செய்ய விரும்பும் நேயர்கள் அழைப்பார்கள். விருந்தினரின் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். அழைத்தவரின் எண்ணை வாங்கி விருந்தினரிடம் கொடுத்து, முடிவை அவரிடமே விடுங்கள். “நன்கொடை வேண்டாம், பொம்மையை நேராக வாங்கிக்கொள்ளட்டும்” என்று அவர் சொன்னால், அதை அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அவருடைய சொற்களிலேயே அறிவியுங்கள்.

முழுப் பதிவையும் தொகுத்த வடிவத்தையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து, கோப்பின் பெயரிலேயே தேதி, ஊர், தொழில் மூன்றையும் எழுதுங்கள். விதி கேட்பது 3 மாதம்தான். ஆனால் தேய்ந்த அச்சைப் பற்றியும் மில் சங்கைப் பற்றியும் பேசியவர்களின் குரல் பத்து ஆண்டு கழித்து அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம். வெட்டிய பகுதிகளை, விருந்தினர் வைத்திருக்கச் சம்மதித்தால் தனிக் கோப்புறையில் பூட்டி வையுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் அவர் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள். தொகுத்த வடிவத்தின் ஒரு பிரதியை அவருடைய கைப்பேசியில் ஏற்றி, அதை எப்படித் திறந்து கேட்பது என்று வீட்டில் உள்ள ஒருவருக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.